வீட்டுச் சத்தம்

எம். புதுப்பட்டி
8 பிப்ரவரி 2026

அப்சானாவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. உன் பெயர் வந்ததைப் பார்த்துத்தான் எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜும் அனுப்ப மாட்டேன். என் குரல் உன் கையில் சிக்கினால் என்னவாகும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தபால். பத்தாம் வகுப்பு முழுக்க என் நோட்டைப் பார்த்துக் காப்பி அடித்தவள் நீ, என் கையெழுத்து உனக்குப் புரியும்.

நேற்று சாயங்காலம் நீ வெட்டி ஒட்டிய தேர்தல் படம் எங்கள் ஊருக்கு வந்தது. கட்சிக்காரர்கள் பெரிய டிவி வைத்த வேனைக் கோயில் பொட்டலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் பட்டாசுக் கம்பெனி வெடி விபத்தில் செத்துப்போன மூன்று பேரையும் காட்டினீர்கள். எதிர்வீட்டு சோலையம்மாள் அக்காவின் மகள் பாண்டிலட்சுமிக்கு ஆதார் போட்டோவைத் தவிர வேறு போட்டோவே கிடையாது. அதை எடுத்து வானம் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தாய். தெருவே அழுதது, நானும் அழுதேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு நான் வந்தேன். "வெயில் ஏறிய பிறகும் வெடிமருந்தில் கை வைக்கச் சொன்னது யார்? ஃபோர்மேன் சங்கிலிமுத்துவின் மனைவிக்குத் தெரியும்" என்று ஒரு கனத்த குரல் கேட்டது. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். பேசவில்லை. பேசவே இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் மூக்கோரமாக இறங்குகிறது. உடனே எரிந்துபோன மருந்து ரூம் வந்துவிட்டது. படத்தில் நான் அவ்வளவுதான்.

ஏடி, நான் பேசினேனேடி! விபத்து நடந்த அன்று முதலாளி மகன் தங்கப்பாண்டியன் போன் போட்டதைச் சொன்னேன். "வெயில் ஏறிருச்சு தம்பி, இனிமே மருந்துல கை வைக்கக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் மல்லுக்கு நின்றதைச் சொன்னேன். "லோடு நிக்குது. ரூமைத் தெறந்து ஆள விடுறியா, இல்ல சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போறியா" என்று அவன் கத்தினானே, அதையும் சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் லேபிள் கட்டோடு பக்கத்தில் நின்றேன். இதைக் காதால் கேட்ட ஆள் நான் ஒருத்திதான். நீ கூட வந்ததால்தான் கேமராக்காரர்களுக்கு என் வீட்டுக் கதவைத் திறந்தேன்.

எல்லாம் பேசி முடித்த பிறகு மைக் பிடித்தவர், "யாரும் பேசாதீங்க, இந்த வீட்டுச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் எடுக்கணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். வெட்டின இடம் தெரியாமல் ஒட்டுப்போட அந்தச் சத்தம் வேண்டும் என்று நீதான் சொன்னாய். சரி என்று உட்கார்ந்தேன். உலையில் உப்புப் போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மிளகாய் வத்தல் வறுத்தார்கள், நெடி கண்ணைக் கரித்தது. அந்தக் கண்ணீர்தான் அது.

பேசினதை வெட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பேசாததைக்கூடவா எடுத்து ஒட்டுவீர்கள்?

ஜாமீனில் வந்திருக்கும் என் வீட்டுக்காரரும் கூட்டத்தோடு நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டார்: "அம்புட்டு நேரம் என்ன யோசிச்ச?" உப்பு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அழகுமீனா


சென்னை
17 பிப்ரவரி 2026

மீனா,

உன் கடிதம் ஆபீசுக்கு வந்தது. எங்கள் டைரக்டர் விக்னேஷ்வரன் சார்தான் எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார். பிரிக்கவில்லை, ஆனால் அனுப்பியவர் பெயரைப் படித்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். இனிமேல் கீழே எழுதியிருக்கும் வீட்டு முகவரிக்கு அனுப்பு.

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கேட்காமல் தொடங்கினால் நீ கிழித்துப் போட்டுவிடுவாய். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலாளி மகன் பெயர் வரும் இடமெல்லாம் கோர்ட்டில் மாட்டிவிடும், எடுத்துவிடு என்று சார் சொன்னார். எடுத்தேன். எடுத்தபிறகு உன் பேச்சில் மிஞ்சியது எதுவும் நிற்கவில்லை. பெயரில்லாமல் நீ பேசினால் யாரோ யாரையோ சொல்கிற மாதிரி இருந்தது. உன்னையே படத்திலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தபோதுதான் அந்த ஒரு நிமிஷம் கண்ணில் பட்டது.

உனக்கு இதைச் சொன்னால் எரிச்சல் வரும், ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கேள்வியை உன் மௌனத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ முதலாளிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும். நீ சொல்ல வந்ததை, உன் வாயால் சொல்லாமலே, எந்தக் கோர்ட்டும் பிடிக்க முடியாதபடி சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். இங்கே போட்டுக் காட்டியபோது மூத்த பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார், அழுகையை அடக்க முடியாமல். எல்லோரும் உன் பக்கம்தான் இருந்தார்கள் மீனா.

பொய் சொல்ல வேண்டும் என்று ஒட்டவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் ஒட்டினேன். இதை எழுதும்போதே எனக்கு நொண்டிச் சாக்காகத்தான் தெரிகிறது.

சங்கிலிமுத்து அண்ணனிடம் நான் பேசட்டுமா?

அப்சானா


எம். புதுப்பட்டி
24 பிப்ரவரி 2026

அப்சானா,

அவரிடம் நீ பேச வேண்டாம். இருக்கிற குழப்பம் போதும்.

சென்னையில் அழுதவர்கள் யாரும் விசாரணைக்கு வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. இங்கே சோலையம்மாள் அக்கா சொல்லப் போகிறாள். அவள் என்ன பார்த்தாள் தெரியுமா? படம் பார்த்த மறுநாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "யார் தப்புன்னு கேட்டாகல்ல, நீ ஏன் தல குனிஞ்ச? உன் புருசன் பேரு வாயில வரலையாக்கும்?" நான் குடத்தை வைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன், லோடு, சாவி, ஒன்று விடாமல். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்புட்டுப் பேரு கூடி நின்னு கேட்டப்ப வராத பேச்சு, இப்ப எங்கன இருந்து வருது?" அதற்கு நான் என்ன சொல்ல? அவள் மகள் செத்திருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

போலீசில் முதல் நாளே சொன்னேன். புருஷனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான் கேமரா முன்னால் அத்தனை தெம்பாகப் பேசினேன். ஊருக்கே தெரியட்டும் என்றுதான் பேசினேன். ஊருக்கே தெரிந்துவிட்டது, நான் பேசவில்லை என்று.

இன்னொன்றும் கேள். நீ ஒட்டின அதே துண்டைக் கம்பெனி ஆட்களும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மேலே 'பொண்டாட்டியே வாய் திறக்கலை' என்று எழுதி எல்லார் போனுக்கும் அனுப்புகிறார்கள். கட்சிக்காரனுக்கும் அந்த மௌனம் ஆகிறது, கம்பெனிக்காரனுக்கும் அதே மௌனம் ஆகிறது. எனக்குத்தான் ஆகவில்லை.

முந்தாநாள் சிவகாசி ரோட்டில் புது போஸ்டர் பார்த்தேன். உங்கள் வேட்பாளரும் தங்கப்பாண்டியனும் கைகோத்து நிற்கிறார்கள். கூட்டணியில் சேர்ந்துவிட்டானாம். கோர்ட்டுக்குப் பயந்துதான் அவன் பெயரை எடுத்தீர்கள் என்று எழுதியிருந்தாயே, அதை உன் சாரிடம் ஒரு தடவை திருப்பிக் கேட்டுப் பார்.

விபத்தைப் பற்றிய அரசாங்க விசாரணை அடுத்த மாதம் விருதுநகரில். பழியெல்லாம் இவர் தலையில் விழுந்தால் ஜெயில் ஒரு பக்கம், இந்தத் தெருவில் பிறகு நாங்கள் எப்படி நடப்பது? நான் பேசின முழுப் பேச்சும் உங்களிடம் இருக்கிறதல்லவா. அதைக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அழகுமீனா


சென்னை
6 மார்ச் 2026

மீனா,

கேட்டேன். சார் ஒளிக்கக்கூட இல்லை. "படம் எடுக்கும்போது தங்கப்பாண்டியன் எதிரணி. எடிட் பண்ணும்போது பேச்சுவார்த்தை நடந்துச்சு. உன்கிட்ட சொன்னா உனக்குக் கை ஓடாதுன்னு சொல்லல" என்றார். அப்படியானால் இது பொய்தானே சார் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பொய் எங்க இருக்கு? அவங்க அங்க உட்கார்ந்தாங்க. பேசாம இருந்தாங்க. கண்ல தண்ணி வந்துச்சு. நாம ஒண்ணைக்கூடச் சேர்க்கலையே."

நானே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதானே. தினமும் அந்தத் துண்டைப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கே நீ பயப்படுகிற மாதிரிதான் தெரிகிறது. உப்பு, வத்தல் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் தெரிகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முழுப் பேச்சையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவிட்டேன். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, ஊருக்குப் போகிற உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். விருதுநகரில் அத்தாவின் வத்தல் மண்டிக்குப் போய் வாங்கிக்கொள். அத்தாவுக்கு விஷயம் தெரியாது. யார் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள், நான் மறுக்க மாட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விடவில்லை. இப்போது அதே படத்தைப் போனில் பார்க்கிற மாதிரி சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். உன் துண்டை மட்டும் வேறொருவர் வெட்டுகிறார். நான் மாட்டேன் என்றேன், சரி என்று அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அப்சானா


எம். புதுப்பட்டி
16 மார்ச் 2026

அப்சானா,

மண்டிக்குப் போனேன். உன் அத்தா சர்பத் வாங்கிக் கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் என்னம்மா? அவ உன்னைப் பத்தி என்கிட்ட கேக்குறா, நீ அவளைப் பத்தி என்கிட்ட கேக்குற" என்றார். ஒன்றுமில்லை மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது உன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. பிறகு மறுபடி ஏறிவிட்டது.

வக்கீலம்மா கற்பகவல்லி தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்த அம்மாவின் முகம் விழுந்துகொண்டே போனது.

நான் மறந்தே போயிருந்தேன். உன் சார் என்னை அதே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாரே! "வண்டிச் சத்தம் வந்துருச்சு, மறுபடி சொல்லுங்க." "ரொம்ப வேகமாச் சொல்லிட்டீங்க, மெதுவா ஒரு தடவை." "சாவின்னு சொல்லும்போது கேமராவைப் பாருங்கம்மா." நானும் கிளிப்பிள்ளை போலத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை 'கத்தினான்' என்கிறேன், அடுத்த தடவை 'மிரட்டினான்' என்கிறேன். நடுவில் ஆடு உள்ளே வந்ததற்குச் சிரிக்கிறேன். மூன்று பேர் செத்த கதையைச் சொல்லும்போது பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன், பார்த்துக்கொள்.

வக்கீலம்மா நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இதைக் குடுத்தா நமக்கே ஆபத்து. பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் எப்படிப் பேசணும்னு சொல்லித் தருது. சொல்லிக் குடுத்த சாட்சின்னு ஒரே அடியில முடிச்சிருவாங்க."

மனசு கேட்கவில்லை. அதையே போனில் ஏற்றிக்கொண்டுபோய் சோலையம்மாள் அக்காவிடம் காட்டினேன். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பார்த்தாள். முழுசாகப் பார்த்தாள், அந்த மட்டுக்குப் பாராட்ட வேண்டும். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வேன்ல பாத்தது நெசம் மாதிரி இருந்துச்சு மீனா. இதுதான் வெட்டி ஒட்டுனது மாதிரி இருக்கு" என்றாள்.

பொய்யாக ஒட்டியதை அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டாய். உண்மைக்கு அத்தனை அழகு வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அவரும் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.

அழகுமீனா


சென்னை
22 மார்ச் 2026

மீனா,

உடனே எழுதுகிறேன், நாள் குறைவு.

சாரின் குரலை எடுத்துவிடலாம். சிரித்ததை எடுத்துவிடலாம். நீ மிக நன்றாகச் சொன்ன தடவையிலிருந்து ஒரு வரி, இன்னொரு தடவையிலிருந்து ஒரு வரி என்று சேர்த்தால் தடங்கலே இல்லாமல் ஓடும். ஒட்டுத் தெரியாமல் இருக்க அந்த வீட்டுச் சத்தம்தான் இருக்கிறதே. எனக்கு அரை நாள் வேலை. விசாரணைக்கு ஆகாது என்று தெரியும், ஆனால் சோலையம்மாள் அக்காவுக்குக் காட்டலாம். அவர் சாட்சி மாறினால் போதாதா? நம்பிவிடுவார் மீனா. நான் செய்தால் நம்பிவிடுவார்.

ஒரு சொல்லும் பொய் இருக்காது. எல்லாம் நீ சொன்னதுதான். ஒன்றைக்கூடச் சேர்க்க மாட்டேன்.

இதை எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். அப்படியே சார் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் கோடு போட்டு அடிக்காமல் அனுப்புகிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் செய்துவிடுவேன். கெஞ்சிக் கேட்கிறேன், எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

அப்சானா


எம். புதுப்பட்டி
3 ஏப்ரல் 2026

அப்சானா,

வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதுவதற்குள் விசாரணை வந்துவிட்டது. நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாருக்கும் இது புரியாது.

விருதுநகருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். சோலையம்மாள் அக்கா முன் சீட்டில், நானும் இவரும் பின்னால். அங்கே என்னை முதலில் கூப்பிட்டார்கள். அதிகாரி பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா" என்றார். போன் வந்துச்சு ஐயா என்று தொடங்கினேன். அவர் தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் எழுதுகிறவர் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். பெஞ்சில் சோலையம்மாள் அக்கா சுவரைப் பார்த்தாள். ஏற்கெனவே கேட்ட கதை என்று எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு நாக்கு குழறியது. 'கத்தினான்' என்பதா 'மிரட்டினான்' என்பதா என்று அந்த நேரத்தில் போய்க் குழம்பினேன்.

அப்போது நான் பேச்சை நிறுத்தினேன். குழம்பித்தான் நிறுத்தினேன், முதலில். ஆனால் நிறுத்தியதும் பேனா உதறும் சத்தம் நின்றது. அதைக் கவனித்துவிட்டேன். கவனித்த பிறகு, அடுத்த வார்த்தை வாயில் தயாராக இருந்தும் நான் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். படத்தில் எந்தப் பக்கம் குனிந்திருந்தேனோ அதே பக்கம். கண்ணீர் வரவில்லை, அதற்குப் பக்கத்து வீட்டுக்காரி வத்தல் வறுக்க வேண்டும். ஆனால் அது தேவைப்படவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி குடுங்கப்பா அவங்களுக்கு" என்றார். பெஞ்சில் சோலையம்மாள் அக்கா விசும்பத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் சொன்னேன், மெதுவாக, ஒரே தடவை. சாவி என்று சொல்லும்போது அவர் கண்ணைப் பார்த்தேன். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். தங்கப்பாண்டியனின் போன் விவரத்தை வரவழைக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார்.

அடுத்து சோலையம்மாள் அக்கா போனாள். "அந்தப் பிள்ள சொல்றது நெசந்தான்யா, ஃபோர்மேன் மேல எங்களுக்கு வருத்தமில்ல" என்றாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இத அன்னைக்கே சொல்லக் கூடாதாத்தா" என்று அழுதாள். வக்கீலம்மா, "இதைவிட நல்லா யாரும் சாட்சி சொன்னதை நான் பாத்ததில்ல" என்றார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் அந்த மௌனம் பொய்தானே? உன்னிடம் கற்றது. நீ வேண்டுமென்று கற்றுக்கொடுக்கவில்லை, நானும் வேண்டுமென்று கற்கவில்லை. இருந்தாலும் கை கூசாமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டேன். உன்மேல் கோபப்பட எனக்கு இனி வாய் இல்லை, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். திருத்தங்கல் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"நீ சொன்னது எல்லாம் நெசம்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எனக்குத் தெரியும். ஆனா நடுவுல நிறுத்துனியே. அது நெசமா நிறுத்துனதா?"

இவரோடு பன்னிரண்டாவது வருஷம் குடும்பம் நடத்துகிறேன். இவரை ஏமாற்ற முடியாது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப அலுத்துப்போன குரலில் கேட்டார்:

"அப்ப இனிமே வீட்ல நீ சும்மா உக்காந்திருந்தா, நான் அத என்னன்னு எடுத்துக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் இருந்தால் அதுவும் பேசாமல் இருப்பதாக ஆகிவிடுமே என்று பதறி, "பஸ்ஸுல இன்னைக்குக் கூட்டமே இல்ல" என்று சொன்னேன். ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். அரிசி விலை, கரண்ட் போனது, ஆடு மேய்ந்தது, எதுவானாலும் சரி. அவர் பக்கத்தில் இருக்கும்போது வாயை மூடவே பயமாக இருக்கிறது. வாய் வலிக்கிறது, அப்சானா.

அழகுமீனா